உயிலுக்கு முன் உறவுப் பத்திரம்: மலாக்காத் தமிழ்க் குடும்பங்களும் மரபுரிமைச் சட்டமும்

மூன்று மரபுகள்

மலாக்கா மாநிலத் தமிழரிடையே சொத்து தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கைமாறிய முறையை ஆராய்வோர், அங்கு மூன்று மரபுகள் அருகருகே இயங்கி வந்திருப்பதைக் காணலாம். முதலாவது, வணிகராக வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் பேசி, சைவ வழிபாட்டை விடாது போற்றிவரும் மலாக்கா செட்டிகளின் மரபு. டச்சு நிர்வாகம் அச்சமூகத் தலைவர் தவிநாயகர் செட்டிக்கு அளித்த நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இன்றும் வழிபாட்டில் இருப்பதற்கும், காஜா பெராங்கில் செட்டிகளின் கிராமம் நிலைத்திருப்பதற்கும் முக்கியக் காரணம், அந்நிலங்கள் தனியொருவர் பெயரில் இல்லாமல் அறங்காவலர் பொறுப்பில் சமூகச் சொத்தாக இருந்ததே ஆகும். உரிமையாளர் இறந்தால்தான் நிலம் வாரிசுகளிடையே துண்டாகும். அறக்கட்டளையில் ஓர் அறங்காவலர் இறந்தால் அவருடைய இடத்தில் இன்னொருவர் அமர்வார், நிலம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் மரபு. செட்டிநாட்டில் இருந்த முதலாளி, தம் விலாசத்தின் பெயரில் வட்டித்தொழில் நடத்த மேலாள் ஒருவரைச் சுமார் மூன்றாண்டுக் கணக்குக்கு அனுப்பி, அவர் கையில் அதிகாரப் பத்திரம் ஒன்றையும் கொடுத்தார். குடும்பத்தின் உரிமை ஊரில் இருக்க, அதன் நிர்வாகம் மட்டும் கடல் கடந்து நடந்த இந்த ஏற்பாடு, கணக்கும் பத்திரமும் துல்லியமாக இருந்ததனாலேயே பல தலைமுறைகள் தாங்கியது.

மூன்றாவது மரபே எண்ணிக்கையில் மிகப் பெரியது. பத்திரம் என்ற ஒன்றை நெடுங்காலம் காணாததும் அதுவே. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டுத் தொடங்கிய முயற்சி புக்கிட் அசஹான் வரை விரிந்ததைத் தொடர்ந்து, ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் தோட்டங்கள் பெருக, கங்காணிகள் வழியாகவும் தனியாகவும் தமிழகத்திலிருந்து வந்தோர் லயங்களில் குடியேறினர். லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். ஆகவே பால்வெட்டுத் தொழிலாளி தன் பிள்ளைக்கு விட்டுச்செல்லக்கூடியது சில பவுன் நகை, ஒன்றிரண்டு மாடு, பிறகு 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டபின் அதில் சேர்ந்த தொகை ஆகியவையே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளரே நிலத்துக்கு உடைமையாளராக வேண்டும் என்னும் நோக்கில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துத் தமிழருள் பலர் கையில் பெற்ற முதல் உடைமைச் சான்று அச்சங்கத்தின் பங்குப் பத்திரமாக இருந்திருக்கும்.

இன்று அதே குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் மெர்லிமாவிலும் ஜாசினிலும் ஆயர் குரோவிலும் தாமான் வீடு வாங்கி, சேமநிதியும் காப்புறுதியும் வங்கிச் சேமிப்பும் உடையவர்களாக இருக்கின்றனர். சொத்து வந்துவிட்டது, சொத்தைக் கைமாற்றும் பழக்கம் மட்டும் லயத்துக் காலத்ததாகவே, ஊர்ப் பெரியவர் முன்னிலையில் வாய்ச்சொல்லாகவே இருந்துவருகிறது. இதற்குத் தீர்வாகப் பொதுவாகச் சொல்லப்படுவது உயில். உயில் தேவைதான். ஆயினும் மலாக்காத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை நோக்கும்போது, அதற்கும் முன்னதாக ஒரு வேலை உண்டு, உறவுகளைப் பத்திரப்படுத்துவதே அவ்வேலை என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

உறவைச் சட்டம் காணும் விதம்

1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த மலாக்கா, 1826இல் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைந்து நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு பகுதியாயிற்று. அவ்வாண்டின் நீதிச் சாசனத்தின் வழியே ஆங்கிலச் சட்டம் அங்கு வேரூன்றியது. இன்று முஸ்லிம் அல்லாதாரின் வாரிசுரிமையைத் தீபகற்ப மலேசியாவில் ஆள்வது 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். இச்சட்டத்தில் வரும் கணவன், மனைவி, பிள்ளை என்னும் சொற்கள் ஊர் அறிந்த உறவைக் குறிப்பன அல்ல. பத்திரத்தால் மெய்ப்பிக்கப்பட்ட உறவையே குறிக்கின்றன. தோட்டத்து வாழ்க்கையில் ஊரறிந்த உறவுக்கும் பத்திரம் அறிந்த உறவுக்கும் இடையே இடைவெளி விழுந்த இடங்கள் மூன்று.

முதலாவது திருமணம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் சமய வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள், பதிவு செய்யப்படாவிட்டாலும், பதிவானவையாகவே கருதப்படும்; ஆதலால் அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பாட்டிக்கு உள்ள மனைவி என்னும் நிலை, சான்றுகள் காட்ட முடிந்தால், காக்கப்படும். அந்நாளுக்குப் பிறகு நடந்தவற்றுக்கு நிலைமை வேறு: கோயிலில் தாலி ஏறினாலும் திருமணப் பதிவாளர் முன்னிலையிலோ, பதிவாளராக நியமனம் பெற்ற கோயில் குருக்கள் முன்னிலையிலோ பதிவாகாத மணம் சட்டத்தின் கண்ணில் மணமாக நிற்பதில்லை. முப்பதாண்டு குடும்பம் நடத்திய பெண், கணவர் உயில் எழுதாமல் இறந்தால், வாரிசுப் பட்டியலில் மனைவியாக இடம்பெற இயலாமல் போகலாம். அதே சட்டம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தையே ஏற்பதால், முதல் மணம் நிலுவையில் இருக்கையில் தாலி கட்டப்பட்ட இரண்டாம் துணைவிக்கு மனைவி என்னும் தகுதி எவ்வகையிலும் கிட்டாது.

இரண்டாவது, பிள்ளைகள். பகிர்வுச் சட்டம் பிள்ளை என்று சொல்லும்போது சட்டமுறைத் திருமணத்தில் பிறந்த பிள்ளையையே கருதுகிறது. பெற்றோர் பதிவு செய்யாதிருந்தால் பிள்ளைகளின் உரிமையும் ஆட்டம் காணும். ஆனால் இது திருத்தக்கூடிய குறை. பெற்றோர் பின்னாளில் சட்டப்படி திருமணம் செய்துகொண்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டமுறைப் பிறப்புச் சட்டத்தின்கீழ் முன்பு பிறந்த பிள்ளைகளும் சட்டமுறைப் பிள்ளைகளின் நிலையைப் பெற வழி உண்டு. வளர்ப்புப் பிள்ளையின் நிலை இதைவிட நுட்பமானது. அக்காளின் பிள்ளையைத் தங்கை எடுத்து வளர்ப்பதும், தாய் இழந்த குழந்தையை அடுத்த லயத்துக் குடும்பம் வளர்ப்பதும் தோட்டங்களில் இயல்பாக நடந்தவை. மலேசியாவில் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்த இரு சட்டங்கள் தத்தெடுப்பைக் கையாள்கின்றன. ஒன்றின்படி நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கும். அப்பிள்ளை பெற்ற பிள்ளைக்கு நிகரான வாரிசாகும். மற்றொன்றின்படி தேசியப் பதிவிலாகாவில் தத்தெடுப்பைப் பதிந்துகொள்ளலாம்; அது வளர்க்கும் உரிமையைத் தருமே தவிர வாரிசுரிமையைத் தராது. பதிவிலாகா தந்த சான்றிதழைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோர் பலர் இவ்வேறுபாட்டை அறியாதிருக்கின்றனர். அத்தகைய பிள்ளைக்குச் சொத்து சேர வேண்டுமாயின் உயிலில் பெயர் குறித்து எழுதுவதே உறுதியான வழி.

மூன்றாவது, பெயர். பிறப்புப் பதிவு எழுதிய தோட்டத்துக் கிராணி, தமிழ்ப் பெயரைத் தம் செவிக்குக் கேட்டவாறு ரோமன் எழுத்தில் எழுதினார். அடையாள அட்டை எடுத்தபோது வேறொரு எழுத்தர் வேறு விதமாக எழுதினார். முனியம்மாள் என்னும் ஒரே பெண், தன் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டிலும், அடையாள அட்டையில் இன்னொன்றிலும், மகனின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்னும் கட்டத்தில் மூன்றாவதாக ஒன்றிலும் இருப்பாள். ஏ/எல், ஏ/பி எனத் தந்தை பெயரை இணைக்கும் இடத்திலும், தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அழைப்புப் பெயர் புகுந்த இடத்திலும் இதே சிக்கல் எழும். உயிரோடு இருக்கும் ஒருவர் இதனைப் பதிவிலாகாவில் திருத்திக்கொள்ளலாம். அல்லது இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வைக்கலாம். அவர் மறைந்தபின் அதே வேலையை அவருடைய பிள்ளைகள், சாட்சிகளைத் தேடி, வங்கிக்கும் நில அலுவலகத்துக்கும் இடையே அலைந்து செய்ய வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழே இல்லாதோர், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்தோர் ஆகியோரின் குடும்பங்களில் இச்சுமை இன்னும் கூடும்.

உயில் இல்லாத வீடு

உயில் இன்றி ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு எவ்வளவு என்பதைப் பகிர்வுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு வகுத்துள்ளது. 1997இல் செய்யப்பட்ட திருத்தத்துக்கு முன், மனைவி இறந்தால் கணவனே முழுச் சொத்தையும் பெற்றான். திருத்தத்துக்குப் பின் கணவனும் மனைவியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். துணையும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. துணையும் பெற்றோரும் இருந்து பிள்ளை இல்லையெனில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி. பிள்ளைகளும் பெற்றோரும் இருந்து துணை இல்லையெனில் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோருக்கு மூன்றில் ஒன்று. துணை, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருந்தால் பெற்றோருக்குக் கால், துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகன், மகள், மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாடு எதுவும் பிள்ளைகளிடையே கிடையாது. சீர்வரிசை கொடுத்து அனுப்பிய மகளுக்கு இனிப் பங்கு இல்லை என்னும் வீட்டு வழக்கத்தைச் சட்டம் அறியாது.

இப்பிரிவின் விளைவைக் காண ஜாசின் பகுதித் தாமான் வீடு ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கடன் தீர்ந்த அவ்வீட்டின் மதிப்பு 2,40,000 ரிங்கிட். உரிமையாளர் உயில் எழுதாமல் இறக்கிறார்; மனைவி, நான்கு பிள்ளைகள், கணவரை இழந்த முதிய தாய் ஆகியோர் உயிருடன் உள்ளனர். தாய்க்குக் கால் பங்கான 60,000, மனைவிக்குக் கால் பங்கான 60,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு எட்டில் ஒரு பங்கான 30,000 ரிங்கிட் என வீடு பிரிகிறது. பெயர் மாற்றம் நடக்காமல் ஆண்டுகள் ஓட, தாயும் உயில் இன்றி இறக்கிறார். அத்தாய்க்கு இறந்த மகனோடு இன்னும் இரு பிள்ளைகள் இருந்தால், அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்து, இரு பிள்ளைகளுக்கு வீட்டில் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்காகவும், இறந்த மகனுக்குரிய பன்னிரண்டில் ஒரு பங்கு அவருடைய நான்கு பிள்ளைகளிடையே நாற்பத்தெட்டில் ஒவ்வொன்றாகவும் சேரும். இப்போது ஒரே கூரையின்கீழ் ஏழு உரிமையாளர். அவர்களுள் இருவர், விதவையான மருமகளின் வீட்டில் என்றுமே குடியிராத கொழுந்தனும் நாத்தனாரும். வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஒரு மகன் பெயருக்கு எழுதவோ இந்த எழுவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கலாம், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருக்கலாம், இன்னொருவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருக்கலாம். நில அலுவலகத்தார் அடுக்குப் புசாக்கா என்று சுட்டும் இச்சிக்கல், இவ்வாறு ஒரு மரணத்தின்மேல் இன்னொரு மரணம் ஏறுவதாலேயே உண்டாகிறது. முதல் மரணத்துக்குப்பின் காலம் தாழ்த்தாமல் சொத்துப் பகிர்வு விசாரணைக்குச் சென்று, அதிலேயே தாய் தம் பங்கை மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டுக்கொடுப்பதாக உடன்பட்டிருந்தால், ஐந்து பேருக்குள் அடங்கியிருக்கும் காரியம் இது.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுதும் தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கையும் பரவலாக உள்ளது. தேசிய நிலச் சட்டத்தின்படி கூட்டுரிமையாளர் ஒவ்வொருவரும் பிரிக்கப்படாத தனிப்பங்கு ஒன்றை உடையவர். அவர் இறந்தால் அப்பங்கு மேற்கண்ட வாரிசு வரிசைக்கே செல்லும், எஞ்சியவரிடம் தானாகச் சேராது.

உயில்

உயில் என்பது ஒருவர் தம் இறப்புக்குப்பின் சொத்து யாரைச் சேர வேண்டும், அதைச் செய்துமுடிப்பவர் யார் என்று எழுதி வைக்கும் ஆவணம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் இதற்கு விதிக்கும் நிபந்தனைகள் சிலவே: எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, தெளிந்த மனத்தினராக இருக்க வேண்டும், உயில் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் முடிவில் அவர் கையொப்பமிட வேண்டும், அதனை ஒரே நேரத்தில் உடனிருந்து கண்ட சாட்சிகள் இருவரேனும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி கைநாட்டு வைக்கலாம். அவ்வாறாயின் உயில் அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டப்பட்டது என்னும் குறிப்பு அதில் இருப்பது நல்லது. வழக்கறிஞர் எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழில் எழுதிய உயிலும் செல்லும். நீதிமன்றத்துக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

எளிமையான இந்நிபந்தனைகளில்தான் தவறுகளும் நேர்கின்றன. சாட்சிக் கையொப்பம் இட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதப்பட்ட கொடை செல்லாது என்பது சட்டம். வீட்டிலிருக்கும் மூத்த மருமகளையே சாட்சிக் கையொப்பம் இடச் சொல்லிவிட்டு அவள் கணவனான மூத்த மகனுக்கு வீட்டை எழுதினால், உயில் நிற்கும், மகனுக்குரிய வீடு மட்டும் அவனைச் சேராது. அண்டை வீட்டார், அலுவலக நண்பர் போன்ற பங்கு பெறாதோரே தக்க சாட்சிகள். அடுத்தது, திருமணம் முன்னைய உயிலை ரத்தாக்கும் என்னும் விதி. குறிப்பிட்ட ஒருவரை மணக்கவிருப்பதை முன்னிட்டு எழுதியது என்று உயிலிலேயே சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே அது பிழைக்கும். கோயிலில் மணம் முடித்து, உயிலும் எழுதி, சில ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்துகொள்ளும் தம்பதியர் தங்கள் உயிலைத் தாங்களே அறியாமல் இழந்துவிடுவர்.

உயிலைச் செயற்படுத்துபவர் நிறைவேற்றுநர் எனப்படுவார். அவருக்குப் பதிலாள் ஒருவரையும் குறிப்பிடுவது விவேகம். சிறு பிள்ளைகள் உடையோர் பாதுகாவலரையும் உயிலிலேயே நியமிக்கலாம். வாழ்நாள் முழுதும் பராமரிப்பு தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளை இருந்தால், பணத்தை நேரே அப்பிள்ளைக்கு எழுதாமல், அதன் செலவுக்காக அறங்காவலர் கையில் விடும் ஏற்பாடு ஏற்றது. உயில் எழுதுவோரின் விருப்பத்துக்கு ஓர் எல்லையும் உண்டு: துணை, மணமாகாத மகள், வயதுவராத மகன், இயலாமையுடைய பிள்ளை ஆகியோரை அறவே கைவிட்டால், 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் நியாயமான பராமரிப்புக் கோரி நீதிமன்றம் செல்லலாம்.

தம் வீட்டிலேயே ஆண்டுதோறும் குலதெய்வப் படையலும் முன்னோர் வழிபாடும் என்றென்றும் நடக்க வேண்டும், அதற்காக வீட்டை யாரும் விற்கக் கூடாது என்று எழுத விரும்புவோரும் உளர். பினாங்குச் சீனப் பெண்மணி ஒருவரின் உயிலில் இருந்த இத்தகைய ஏற்பாட்டை 1875இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஆராய்ந்து, குடும்ப முன்னோர் வழிபாடு பொது அறம் ஆகாது, ஆகவே சொத்தை முடிவின்றிக் கட்டிவைக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. பொய்யாத விநாயகர் ஆலயம் போன்ற பொது வழிபாட்டு அறம் நிலைப்பதும், தனிக்குடும்பத்தின் நிரந்தரக் கட்டளை வீழ்வதும் இக்கோட்பாட்டின் இரு பக்கங்கள்.

உயிலுக்குள் அடங்காதவை

உழைக்கும் தமிழரின் பெருஞ்சொத்துகள் இரண்டு, உயிலின் ஆட்சிக்கு வெளியே நிற்கின்றன. ஊழியர் சேமநிதித் தொகை, உறுப்பினர் நியமித்தவருக்கே செல்லும். முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் நியமனம் பெற்றவர் அத்தொகையைத் தமக்குரியதாகவே பெறுகிறார். உயிலில் வேறு விதமாக எழுதினாலும் நியமனம் மாறாது. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளில் தாயின் பெயரை எழுதிய இளைஞர், மணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின்னும் புதிய நியமனம் செய்யாமல் இருந்தால், மனைவி எதிர்பார்த்த தொகை மாமியார் பெயருக்கு வரும். காப்புறுதியில், 2013ஆம் ஆண்டு நிதிச்சேவைச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதார் தம் துணையையோ பிள்ளையையோ, அவ்விருவரும் இல்லாதபோது பெற்றோரையோ நியமித்தால் அத்தொகை அறப்பொறுப்புத் தொகையாகிவிடும். கடன்காரர் அதனைத் தொட இயலாது. அண்ணன், தங்கை போன்ற பிறரை நியமித்தால் அவர் நிறைவேற்றுநர் என்னும் அளவிலேயே பணத்தைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கக் கடமைப்பட்டவர். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சார்ந்தோர் ஓய்வூதியமும் சட்டம் வகுத்த சார்ந்தோருக்கே சேரும். கூட்டுறவுச் சங்கப் பங்குகளுக்கும் நியமன ஏற்பாடு உண்டு. தாத்தாவின் பழைய பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் அதில் யார் பெயர் குறிக்கப்பட்டுள்ளது என்பதைச் சங்கத்தில் கேட்டறிவது பயன் தரும். நகைகள் உயிலுக்கு உட்பட்டவையே. எனினும் எந்த அட்டிகை எந்த மகளுக்கு என்று பட்டியல் எழுதி வைப்பதும், அடகுக் கடையில் இருப்பவற்றின் சீட்டுகளை அதனோடு சேர்த்து வைப்பதும் உடன்பிறந்தாரிடையே பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

இறப்புக்குப் பின் மூன்று வாயில்கள்

இறந்தவரின் வங்கிக் கணக்கு முடங்கும். நிலம் அவர் பெயரிலேயே நிற்கும். அவற்றை விடுவிக்க மூன்று அமைப்புகள் உள்ளன. உயில் இருந்தால் நிறைவேற்றுநர் உயர் நீதிமன்றத்தில் உயில் சான்றாணை பெறுகிறார். மலாக்காவில் நீதிமன்ற வளாகம் ஆயர் குரோவில் உள்ளது. உயில் இல்லாமல், நிலமோ வீடோ அடங்கிய சொத்தாக இருந்து, மொத்த மதிப்பு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், அது சிறு மரபுரிமைச் சொத்து எனப்படும். அவ்வரம்பு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்து, 2024 ஜூலை முதல் 50 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. சாதாரணக் குடும்பங்களின் சொத்து ஏறத்தாழ அனைத்தும் இதற்குள் அடங்கும். இதற்கான விண்ணப்பம், நிலம் இருக்கும் மாவட்டத்துச் சிறு மரபுரிமைப் பகிர்வுப் பிரிவுக்குச் செல்கிறது. வாரிசுகள் விசாரணைக்கு வர வேண்டும் அல்லது எழுத்தில் உடன்பாடு தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலே நடத்தக்கூடியது என்பதும், செலவு குறைவு என்பதும் இதன் சிறப்பு. நிலம் இல்லாமல் வங்கிப் பணம், வாகனம் போன்ற அசையும் சொத்து மட்டும் இருந்து, மதிப்பு 6,00,000 ரிங்கிட்டை மீறாவிட்டால் அமானா ராயா நிறுவனம் சுருக்க முறையில் நிர்வகிக்கும். இவற்றுள் அடங்காதவை உயர் நீதிமன்றத்தில் நிர்வாக ஆணை பெற வேண்டும். அதற்குப் பிணையாளர் இருவரைக் காட்டும்படி பொதுவாகக் கேட்கப்படும், அத்தகையோரைத் தேடுவதே பலருக்குப் பெரும் தடையாகிறது. எவரும் கோராமல் கிடக்கும் தொகைகள் காலப்போக்கில் அரசின் கோரப்படாத பணப் பதிவாளரிடம் சென்றுவிடும். எவ்வாயிலில் நுழைந்தாலும் முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வாரிசுகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவையே என்பது குறிப்பிடத்தக்கது.

உயிருடன் இருக்கும்போதே

மரபுரிமை வரி மலேசியாவில் 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டதால், வரிக்கு அஞ்சி உயிருடன் இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்ற வேண்டிய தேவை இல்லை. அன்பின் பெயரால் பெற்றோர் பிள்ளைக்கு எழுதித் தரும் சொத்துக்கு, பெறுபவர் குடிமகனாயின், 2023 ஏப்ரலிலிருந்து முதல் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரைத் தீர்வை விலக்கு உண்டு என்பது உண்மை. ஆயினும் வீட்டை எழுதிக்கொடுத்தபின் பெற்றோருக்கு அதில் உரிமை எஞ்சுவதில்லை, மகனின் கடனும் மணமுறிவும் அவ்வீட்டைத் தொடக்கூடும்.

முதுமையில் மறதிநோய் வருவது பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருந்தால் போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் சாதாரண அதிகாரப் பத்திரம் எழுதியவர் மனத்தெளிவை இழக்கும்போதும் இறக்கும்போதும் வலிமை இழக்கும். பிறகு சொத்தை நிர்வகிக்க 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் ஒரு குழுவை நியமிக்க வேண்டியிருக்கும். ஆதலால் நியமனங்களையும் உயிலையும் தெளிவுள்ள காலத்திலேயே முடிப்பதன்றி வேறு வழி இல்லை.

எல்லை கடந்த சொத்தும் மதம் மாறிய உறவும்

தமிழகத்தில் பாட்டன் விட்டுவந்த பூர்விக நிலத்தில் பங்குள்ள குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்நிலத்தை மலேசியச் சட்டம் ஆள்வதில்லை. அது இந்தியச் சட்டத்தின்படியே, இந்துக்களாயின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே, பிரியும். தமிழகத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், இந்தியா முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு அளித்துள்ளன. இரு நாட்டிலும் சொத்து உள்ளோர் இரு உயில்கள் எழுதுவது நடைமுறையில் எளிது. இரண்டாவது உயிலில் முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து என்னும் வழக்கமான வரியை யோசிக்காமல் சேர்த்துவிட்டால் முதல் உயில் அழிந்துபோகும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் அவருடைய மரபுரிமையை இஸ்லாமியச் சட்டம் ஆளும். அவர் முந்தைய மணம் முறியும் முன் இறந்துவிட்டால், திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மதம் மாறாத துணையும் பிள்ளைகளும் உள்ளிட்டோர் விண்ணப்பிக்க, திருமணச் சொத்துகளை நீதிமன்றம் பகிர்ந்தளிக்க இயலும். அவ்விண்ணப்பத்துக்கும் அடிப்படையாக நிற்பது, அம்மணம் பதிவானது என்பதற்கான சான்றே.

செயல் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில் திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பெயர் எழுத்துக்கூட்டு, தத்தெடுப்பு ஆணை ஆகியவற்றைச் சரிசெய்வது. இரண்டாவதாகச் சேமநிதி, காப்புறுதி, கூட்டுறவு நியமனங்களை இன்றைய குடும்ப நிலைக்கேற்பப் புதுப்பிப்பது. மூன்றாவதாக உயில் எழுதுவது. நான்காவதாக எந்த ஆவணம் எங்கே உள்ளது, எந்த வங்கியில் கணக்கு, யாரிடம் கடன் என்னும் பட்டியலைக் குடும்பத்தில் இருவரேனும் அறிய வைப்பது. ஐந்தாவதாக, மரணம் நேர்ந்தபின் பெயர் மாற்றத்தை அடுத்த தலைமுறைக்குத் தள்ளாமல் முடிப்பது. இவ்வரிசையில் முதல் படியை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குச் செல்வோர், நன்றாக எழுதப்பட்ட உயிலை வைத்துக்கொண்டும் அலைக்கழிவர். முதல் இரு படிகளையும் முடித்தவர், உயில் எழுதும் முன்பே இறக்க நேர்ந்தாலும், அவருடைய மனைவி மக்கள் சட்டம் தரும் பங்கையேனும் தடையின்றிப் பெறுவர்.

கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு நாள் பதிவிலாகா அதிகாரிகளையும் வழக்கறிஞர்களையும் அழைத்து, முதியோரின் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் செய்தால் இவ்வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். சாட்சி சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் உயிருடன் இருக்கும் இக்காலமே அதற்கு உகந்தது. மலாக்காத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் செல்லும் முன் பதிவிலாகாவின் முகப்பிடத்துக்குச் சென்றுவருவதே சரியான வரிசை.